அம்மாவின் கிளினிக் நாளில் கொப்பியா, கைப்பேசியா, நானா?

அம்மாவுக்கு 74 வயது. சில வருடங்களாகக் காது மங்கி வருகிறது. மாதம் ஒருமுறை சாம்பல்தீவிலிருந்து பஸ் ஏறித் திருகோணமலை நகருக்குக் கிளினிக் வருகிறோம். வைத்தியர் சொல்வதை அம்மாவிடம் சேர்க்க மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம். இப்போது எங்களோடு வருவது ஒரு கொப்பியும் தடிப்பாக எழுதும் பேனையும்தான்.

உரத்துப் பேசுவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. முதுமையில் முதலில் கைவிடுவது உயர்சுருதி ஒலிகள். 'ச' போன்ற மெய்கள் தேய்ந்து பெரும்பாலும் உயிரொலிகளே எஞ்சும். கத்தினால் சத்தம் கூடுமே தவிரத் தெளிவு கூடாது. உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வதும் பாதி வழிதான். 'பாலை', 'மாலை' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கிறது.

நான் இடையில் நின்று சொல்வது விரைவானது. ஆனால் வைத்தியரின் ஐந்து வாக்கியங்களை நான் ஒன்றாகச் சுருக்கிவிடுகிறேன். அவரும் என்னைப் பார்த்தே பேசுகிறார். மகனுக்கு முன்னால் சொல்லக் கூசும் விஷயங்களும் ஒரு தாய்க்கு உண்டு. போன மாதம் அம்மா எதையோ எழுதி, எனக்குக் காட்டாமல் வைத்தியரிடம் நீட்டினார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பேச்சை எழுத்தாக்கும் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி 2019இல் வந்தது. தமிழும் அதில் உண்டு. வீட்டு அமைதியில் நன்றாகவே எழுதியது. கிளினிக்கிலோ மின்விசிறி இரைச்சல், பக்கத்து மேசைப் பேச்சு, சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் வைத்தியர். மருந்தின் பெயர் வேறேதோ சொல்லாகித் திரையில் வந்தது.

ஆனாலும் நான் கொப்பியின் பக்கம் சாய்ந்தது வேறு காரணத்தால். வீடு திரும்பிய பின் கையில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். ஒருமுறை இரத்த அழுத்தக் குளிசையை இரவு மட்டும் என்று மாற்றினார்கள். நான் சொன்னேன், அம்மா தலையாட்டினார். பிறகு நான்கு நாள் பழையபடி காலையிலும் போட்டு, கிணற்றடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இப்போது தாதி கொப்பியில் எழுதுகிறார்: எந்தக் குளிசை, எத்தனை, எப்போது, எத்தனை நாள். எழுதிய பின், “விளங்கியதா?” என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் அம்மா எதற்கும் தலையாட்டுவார். “எப்படிப் போடுவீங்கள் அம்மா, சொல்லுங்கோ” என்கிறார். பிழை இருந்தால் அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா கொப்பியை விரித்து, வரியில் விரலை வைத்துக் குளிசையை எடுக்கிறார். என்னைக் கூப்பிடுவதில்லை.

செவிப்புலன் கருவி அம்மா இன்னும் போடவில்லை. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவமில்லை. கண்ணும் மங்கினால் கொப்பி உதவாது. வாசிக்கத் தெரிந்து, பிற்காலத்தில் செவி மங்கியவருக்கே இதைச் சொல்கிறேன். சிறுவயது முதல் சைகைமொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அவர்களுக்குத் தேவை சைகைமொழிபெயர்ப்பாளர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையும் கிடைக்கவேண்டிய உதவிகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறது.