லேப்டாப் திரைக்குக் கலர் கேலிபரேஷன்: கண்ணா, இறக்கிய ப்ரொஃபைலா, கலரிமீட்டரா?

லேப்டாப்பில் நிறம் சரியாக இல்லை என்று தோன்றினால் செய்து பார்க்க நான்கு வழிகள் உண்டு. விண்டோஸிலேயே இருக்கும், படிப்படியாகக் கேட்டு நிறத்தைச் சீராக்கும் கேலிபரேஷன் விசார்டை ஓட்டிக் கண்ணால் சரிசெய்வது ஒன்று. அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவர் அளந்து பகிர்ந்த ஐசிசி ப்ரொஃபைலை, அதாவது ஒரு திரை நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்ற குறிப்புக் கோப்பை, இறக்கிப் போடுவது இரண்டு. கம்பெனியே தரும் எஸ்ஆர்ஜிபி மோடை நம்புவது மூன்று. நிறத்தை அளக்கும் சிறு கருவியான கலரிமீட்டரைத் திரையில் தொங்கவிட்டு அளப்பது நான்கு. ஒரே வேலையை இலவசமாகவும் செலவு செய்தும் செய்யும் வழிகள் இவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இவை சரிசெய்வது வெவ்வேறு விஷயங்களை.

சரி என்பதற்கு ஓர் அளவு வேண்டும். இணையப் படங்களுக்கு அது எஸ்ஆர்ஜிபி என்ற நிறத் தரம். 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்தது, 1999-இல் சர்வதேசத் தரமானது. வெள்ளை 6500 கெல்வின் பக்கம், காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் வெளிச்சம் ஏறும் விதம்) ஏறக்குறைய 2.2, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் நிற வரைபடத்தில் குறிப்பிட்ட இடம். மேசை மானிட்டரில் இவற்றுள் சிலவற்றை அதன் மெனுவிலேயே திருகிவிடலாம். லேப்டாப் திரைக்குப் பெரும்பாலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டும்தான். வெள்ளைக்கும் காமாவுக்குமான திருத்தம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டில் உட்காரும் ஒரு அட்டவணை வழியாகத்தான் நடக்கும். நீலம் அதிகமான திரையில் நீலத்தின் உச்சம் 255-ஆம் படியிலிருந்து 230-க்கு இறங்கினால், அத்தனை படிகள் குறைந்த மாதிரி. அதிகமாகத் திருத்தினால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது இதனால்தான்.

முதலில் விண்டோஸ் விசார்ட். ஸ்டார்ட் மெனுவில் 'கேலிபரேட் டிஸ்ப்ளே கலர்' என்று தேடினால் வரும். வட்டங்களுக்கு நடுவில் இருக்கும் புள்ளி மறையும் வரை ஸ்லைடரை நகர்த்துவது காமாவுக்கு. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் படிகளை லேப்டாப்பில் தாண்டிவிடலாம். பிறகு சாம்பல் பட்டைகளைக் காட்டி, நிறச் சாயலை எடுக்கச் சொல்லும். காமாவுக்கு இந்த விசார்ட் உண்மையிலேயே உதவும். நிழல் பகுதி எல்லாம் ஒரே கறுப்பாக மூழ்கிப்போகும் திரையில் வித்தியாசம் உடனே தெரியும். அந்த ஒரு படிக்காகவே செய்யலாம்.

சிக்கல் சாம்பல் பட்டையில். இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே சாம்பல் படத்தை முழுத்திரையில் திறந்து பாருங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது இரண்டுமே சாம்பல்தான். சேர்த்துப் பார்த்தால் ஒன்று நீலம் ஓடும், இன்னொன்று மஞ்சள் ஓடும். ஒன்றை மூடிவிட்டுச் சில நிமிடம் மற்றதில் வேலை பார்த்தால் அதுவே மறுபடியும் சாம்பலாகிவிடும். எதிரில் இருக்கும் வெளிச்சத்தை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்வது கண்ணின் இயல்பு. அதனால் கண்ணை வைத்து வெள்ளையை நிலைநிறுத்த முடியாது. காலையில் ஒரு முடிவும், இரவு டியூப்லைட்டில் வேறு முடிவும் வரும். மலிவான டிஎன் வகைப் பேனலாக (பேனல் என்பது திரைத் தகடு) இருந்தால் தலையைச் சற்றுத் தாழ்த்தினாலே நிறம் மாறும். விசார்டில் காமாவைச் சரிசெய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீல ஸ்லைடர்களைத் தொடாமல் விடுங்கள் என்பதே என் கருத்து. இன்னொன்று: கடைசியில் அது ஒரு ப்ரொஃபைலைச் சேமிக்கும். ஆனால் உங்கள் திரையின் சிவப்பு உண்மையில் எங்கே இருக்கிறது என்று அளந்த எண் எதுவும் அதற்குள் இருக்காது. நிறத்தை உங்கள் திரைக்கு ஏற்ப மாற்றிக் காட்ட ஃபோட்டோஷாப்புக்குத் தேவையானது அந்த எண்தான்.

இறக்கிய ப்ரொஃபைலில் அந்த எண் இருக்கும். நோட்புக்செக் மாதிரித் தளங்கள் தாங்கள் சோதிக்கும் லேப்டாப்புகளுக்கு அளந்த ஐசிசி கோப்பையும் தருகின்றன. ஆனால் ஒரே மாடல் பெயரில் வரும் லேப்டாப்புகளுக்குள் பேனல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் கீழே வலது க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போங்கள். பிஓஇ, ஏயுஓ, எல்ஜிடி, சிஎம்என் என்று மூன்றெழுத்தும், கூடவே ஒரு குறியீடும் தெரியும். பேனல் செய்த கம்பெனியும் அதன் வகையும் அது. ப்ரொஃபைல் போட்டவர் சொல்லும் பேனலோடு இது ஒத்துப்போனால் மட்டும் முயன்று பாருங்கள். ஒத்துப்போனாலும், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூல நிறங்கள் கிட்டத்தட்டப் பொருந்துமே தவிர வெள்ளை பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒரே வகைப் பேனலிலும் திரைக்குத் திரை வெள்ளை மாறும். பழக்கத்தில் பின்விளக்கும் மாறிக்கொண்டே போகும். பேனலே வேறு என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மோசம். இன்னொருவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது போலத்தான்.

மூன்றாவது வழியைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். டிசைன் வேலைக்கென்று விற்கும் லேப்டாப்புகளைத் தொழிற்சாலையிலேயே அளந்து அனுப்புவது இப்போது சகஜம். 'டெல்டா ஈ 2-க்குள்' என்று போட்டிருப்பது அதைத்தான். டெல்டா ஈ என்பது இருக்க வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவு; அது 1 பக்கம் இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம். கம்பெனியின் செயலியில் எஸ்ஆர்ஜிபி மோடைத் தேர்ந்தெடுத்தால், இணையத்துக்குப் போகும் வேலைக்கு அதுவே போதும். 'விவிட்' மோடில் விட்டுவிட்டு நிறம் அடிக்கிறது என்று புலம்புவதில் பலனில்லை. மினி எல்இடி திரையுள்ள மேக்புக் ப்ரோக்களில் இதற்கென்றே ரெஃபரன்ஸ் மோடுகள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் போட்டவுடன் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் மாதிரித் தானாக நிறத்தை மாற்றும் அமைப்புகள் அணைந்துவிடும். அப்புறம், பழைய திங்க்பேட் டபிள்யூ வரிசையில் சில மாடல்களில் கை வைக்கும் இடத்திலேயே எக்ஸ்-ரைட் சென்சார் பதித்திருந்தார்கள். மூடியைச் சாத்தினால் திரையைத் தானே அளந்துகொள்ளும். அருமையான யோசனை, எல்லோரும் பின்பற்றியிருக்க வேண்டும்.

கலரிமீட்டர் மட்டும்தான் வெள்ளை, காமா, மூல நிறங்கள் மூன்றையும் உங்கள் திரையிலேயே அளக்கிறது. சந்தையில் முக்கியமாக இரண்டு: டேட்டாகலரின் ஸ்பைடர், முன்பு எக்ஸ்-ரைட் பெயரில் வந்து 2021-இலிருந்து காலிப்ரைட் விற்கும் கருவிகள். கூட வரும் மென்பொருளைவிட டிஸ்ப்ளேகால் எனக்குப் பிடிக்கும். கிரேம் கில் எழுதிய ஆர்கில்சிஎம்எஸ் மேல் ஃப்ளோரியான் ஹோக் கட்டிய இலவச மென்பொருள் அது. மூல வெளியீடு 2019-ஓடு நின்றது. பைத்தான் 3-க்கு மாற்றிய பதிப்பை வேறு ஆட்கள் தொடர்கிறார்கள். திரையின் வகையை, ஒயிட் எல்இடியா ஓஎல்இடியா என்று, சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். அதைத் தப்பாகப் போட்டால் கருவியே வெள்ளையைத் தப்பாகப் படிக்கும். லேப்டாப் திரையை மேசை மானிட்டரோடு ஒப்பிட வேண்டிய தேவை இல்லையென்றால், வெள்ளையை 6500-க்கு இழுக்காமல் 'அளந்தபடியே' என்று விடுவேன். முன்னே சொன்ன படியிழப்பு குறையும். கண் அந்த வெள்ளைக்குப் பழகிக்கொள்ளும்.

அளப்பதற்கு முன், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டையும், படத்துக்கேற்ப வெளிச்சத்தை மாற்றும் அமைப்பையும் அணைக்க வேண்டும். சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் திரை சூடாகட்டும். மூடியைப் பின்னால் நன்றாகச் சாய்த்தால் கருவி திரையோடு ஒட்டிப் படுக்கும். நிமிர்த்தி வைத்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்து அறை வெளிச்சம் உள்ளே புகும்.

எந்த வழிக்கும் எட்டாத திரைகளும் உண்டு. விவரப் பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' (பழைய டிவி தரத்தின் நிறப் பரப்பில் அவ்வளவு) என்று போட்டிருந்தால், எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய 60 சதவீதம் மட்டுமே அதில் தெரியும். பட்டுப்புடவைப் படத்தில் அரக்கும் அடர் சிவப்பும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். மயில்கழுத்து நிறம் வெறும் பச்சையாகவோ நீலமாகவோ நிற்கும். கருவி வாங்கினாலும் இல்லாத நிறத்தை அது கொண்டுவராது. அந்தப் பணத்தை நல்ல வெளி மானிட்டருக்குச் சேர்ப்பது நல்லது.

பணம் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஆல்பம் பிரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் நிறம் காரணமே இல்லை. திரை முழு வெளிச்சத்தில் இருப்பதுதான். பிரிண்ட் வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். பல லேப்டாப்புகள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடுகின்றன. கருவி இல்லாதவர்கள் அறை விளக்கில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளைப் பக்கம் தாளின் அளவுக்கு வரும் வரை வெளிச்சத்தைக் குறைக்கலாம். அப்படியும் பிரிண்ட் லேபிலிருந்து வரும் முகங்கள் சிவந்தோ மஞ்சளாகவோ இருந்தால், அப்போது கலரிமீட்டருக்குச் செலவு செய்யலாம். நாலைந்து ஃபோட்டோகிராஃபர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். சில மாதங்களுக்கு ஒருமுறைதானே ஒருவருக்குத் தேவைப்படும்.