32 ஜிபியா, 128 ஜிபியா?

அப்பாவின் பட்டன் போனுக்கும் தன் ஆண்ட்ராய்டு போனுக்கும் ஒரே மாதிரி இரண்டு மெமரி கார்டு வாங்கலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன்.

பொருத்தம்
32: எஸ்டிஹெச்சி வகை (32 ஜிபி வரையிலான கார்டு), ஃபேட்32 அமைப்பு (கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை). பட்டன் போன்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.
128: எஸ்டிஎக்ஸ்சி வகை (32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு), எக்ஸ்ஃபேட் அமைப்பு (ஃபைல்களை அடுக்கும் புதிய முறை). பழைய போனில் போட்டால் ஃபார்மட் செய்யச் சொல்லும், இல்லையென்றால் கண்டுகொள்ளவே செய்யாது.

வீடியோ
32: ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கல்யாண வீடியோ துண்டு துண்டாகத்தான் சேரும்.
128: அந்தத் தொல்லை இல்லை. 4கே (மிகத் துல்லியமான) வீடியோ எடுப்பவர்கள் கார்டில் வி30 என்ற வேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறி உள்ள கார்டு நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும்.

விலை
32: கையைக் கடிக்காது.
128: ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இதுதான் மலிவு.

அப்புறம், சில நூறு ரூபாய்க்கு 1 டிபி (சுமார் 1000 ஜிபி) கார்டு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது கொஞ்சம்தான், காட்டுவது பொய்க் கணக்கு. நிரம்பியதும் படங்கள் பாழாகும். எந்தக் கார்டானாலும் வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (கார்டின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

அப்பாவுக்குப் பாட்டு கேட்க 32 போதும். தம்பிக்கு 128.