வட்ஸ்அப்பா லிங்க்ட்இன்னா: பனங்கட்டி விற்கும் எனக்குக் கைகொடுத்தது எது?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வீட்டோடு சேர்ந்த ஒரு கொட்டிலில் பனங்கட்டி (பனை வெல்லம்), ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பினாட்டு (காயவைத்த பனம்பழக் களி) எல்லாம் பொதிசெய்து விற்கிறோம். மச்சாளும் நானும் தொடங்கியது. இப்போது இன்னும் 3 பேர் எங்களோடு வேலை செய்கிறார்கள். பகல் முழுக்க அடுப்பும் தராசும் லேபலும்தான். வாங்குகிற ஆட்களோடு தொடர்பு வளர்க்க எனக்குக் கிடைப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரை மணித்தியாலம். அதை வட்ஸ்அப்பில் செலவழிப்பதா, தொழில் தொடர்புகளுக்கான இணையத்தளமான லிங்க்ட்இன்னில் செலவழிப்பதா என்று 2 வருடத்துக்கு முன் முடிவெடுக்க வேண்டி வந்தது. நான் லிங்க்ட்இன் பக்கம் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். வீட்டிலிருந்து தொழில் செய்கிற பல பெண்கள் "அது கொழும்பில் வேலை தேடுகிற ஆக்களுக்கு" என்று சொல்லி அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முகநூலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு பைக்கற், இரண்டு பைக்கற் வாங்குகிற ஆட்கள் அங்கேதான் வருகிறார்கள், அதற்கு அது நல்லது. வருடத் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடக்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சியும் நல்லதுதான். முகம் பார்த்துக் கதைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் அது சில நாள். மிச்ச நாட்களுக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

வட்ஸ்அப்பின் பலம் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாமார் லிங்க்ட்இன் பார்ப்பதில்லை. குரல் பதிவு அனுப்புவார்கள்: "தங்கச்சி, போன முறை மாதிரி ஒடியல் மா போடுங்கோ, பனங்கட்டி மட்டும் கொஞ்சம் காய்ஞ்சதாப் பாத்துப் போடுங்கோ." நான் பனங்கட்டி வைக்கிற ஓலைக் குட்டானைப் படம் எடுத்து அனுப்ப, விலை சரியென்றால் 10 நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும். 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸில் பொருட்பட்டியல் போடலாம், வாடிக்கையாளருக்கு அடையாளக் குறி வைக்கலாம். நானும் அதைத்தான் பாவிக்கிறேன். ஏற்கனவே தெரிந்தவரோடு வேலை செய்ய இதைவிட வசதியான ஒன்றை நான் காணவில்லை.

சிக்கல் தெரியாதவரிடம் போகும்போதுதான் வருகிறது. முன்பின் தெரியாத ஒரு கொள்வனவு முகாமையாளருக்கு வட்ஸ்அப்பில் செய்தி போட்டால் அவர் காண்பது ஒரு இலக்கம், ஒரு படம், ஒரு வணக்கம். குழுக்களும் அப்படித்தான். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். நான் இருந்த ஏற்றுமதிக் குழுக்களில் காலை வணக்கப் படங்களுக்கும் விலைப்பட்டியல்களுக்கும் இடையில் யார் வாங்குகிறவர், யார் விற்கிறவர் என்று பிரித்தறியவே முடியவில்லை. ஸ்டேட்டஸில் போடுவது 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். மூன்று மாதம் கழித்து என்னைத் தேடி வருகிறவருக்கு அங்கே பார்க்க எதுவும் இருக்காது.

எங்கள் ஊரில் புது ஆளைக் கண்டால் முதலில் என்ன கேட்பார்கள்? "எந்த இடம், ஆற்றை (யாருடைய) பிள்ளை?" அது வெறும் விடுப்பு இல்லை. இவரை யாருக்குத் தெரியும், பிழை வந்தால் யாரிடம் போய்க் கேட்கலாம் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. லிங்க்ட்இன்னில் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் உங்களுக்கும் அவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் யார், அவர் எங்கே எத்தனை வருடம் வேலை செய்தார், கூட வேலை செய்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். கேள்வி அதேதான். சொந்த ஊருக்கு வெளியிலும் அதற்குப் பதில் கிடைக்கிறது.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இலேயே மெல்லிய தொடர்புகளின் பலத்தைப் பற்றி எழுதினார். நெருங்கிய ஆட்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் எங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதுத் தகவல் தூரத்துத் தொடர்பிலிருந்துதான் வரும் என்பது அவர் வாதம். 2022இல் 2 கோடிக்கு மேற்பட்ட லிங்க்ட்இன் பயனாளர்களை வைத்து வெளியான ஆய்வும், மிக நெருக்கமும் இல்லாத, முழு அந்நியமும் இல்லாத தொடர்புகளே புது வேலை கிடைக்க அதிகம் உதவின என்று காட்டியது. அது வேலை தேடுவதைப் பற்றியது. வாடிக்கையாளர் தேடுகிற எனக்கும் அப்படித்தான் நடந்தது. சொந்தக்காரர் வழியாக வந்த கடைகள் எல்லாம் கடைசியில் ஒரே மொத்த வியாபாரியிடம் போய் முடிந்தன.

இவ்வளவும் இருந்தாலும் என்னை முடிவெடுக்க வைத்தது வேறொரு விஷயம். அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஆட்கள் இடம் மாறுகிறார்கள்.

கொழும்பில் ஒரு ஹோட்டலின் கொள்வனவு முகாமையாளர் எங்களிடம் பனங்கட்டி வாங்கிக்கொண்டிருந்தார். தேநீரோடு கடிக்கக் கொடுக்கிற சிறு துண்டுகள். மாதம் தவறாமல் ஓர்டர் வரும். ஒரு மாதம் வரவில்லை. மின்னஞ்சல் திரும்பி வந்தது. வட்ஸ்அப்பில் கேட்டால் யாரோ புது ஆள் பதில் போட்டார். அது கொம்பனி கொடுத்த சிம், அவர் விலகியதும் அடுத்தவரின் கைக்குப் போய்விட்டது. புது ஆளுக்கு எங்களைத் தெரியாது, தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. ஒன்றரை வருடம் பொதி பொதியாகச் சம்பாதித்த நம்பிக்கை ஒரு சிம்மோடு போனதை நினைத்து அன்று இரவு நான் அழுதேன்.

அப்போது எனக்கு உறைத்தது, நான் உறவு வளர்த்தது ஒரு கதிரையோடு என்று. என் போனில் அவருடைய பெயரே இருக்கவில்லை. ஹோட்டலின் பெயரைத்தான் பதிந்து வைத்திருந்தேன்.

லிங்க்ட்இன் கணக்கு அந்த ஆளுடையது. வேலை மாறினாலும் பக்கம் அவரோடு போகும், தொடர்பில் இருக்கிற எங்களுக்கும் பெரும்பாலும் அறிவிப்பு வரும். அவரைத் தேடிப் பிடித்து, தொடர்புக்குக் கேட்டு, அவர் சேர்த்துக்கொண்டு 7 மாதம் கழித்து அப்படி ஒரு அறிவிப்பு வந்தது. மாலைதீவில் ஒரு ரிசோட்டில் சேர்ந்திருந்தார். வாழ்த்துச் சொன்னேன், விற்பனையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. 5 கிழமை கழித்து அவரே கேட்டார், ஈரப்பதமான இடத்தில் பனங்கட்டி எத்தனை நாள் கசியாமல் இருக்கும் என்று. மாதிரிப் பொதி போனது, பிறகு சின்னதாய் ஒரு ஓர்டரும் வந்தது.

இதெல்லாம் தானாக நடக்காது. முதல் மாதங்களில் 40 பேருக்கு விலைப்பட்டியலோடு செய்தி அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை, அது நியாயம்தான். வீட்டுக்கு முதன்முறை வருகிறவர் வாசலிலேயே கடன் கேட்டால் நாங்கள் என்ன நினைப்போம்? இப்போது முதலில் அந்த ஆள் எழுதியதை வாசிக்கிறேன், எனக்கு உண்மையாகவே சொல்ல ஏதும் இருந்தால் கீழே கருத்து எழுதுகிறேன், பிறகுதான் தொடர்புக்குக் கேட்கிறேன். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளில்தான் குறிப்பு எழுத விடுவார்கள். ஆகவே அதை முக்கியமானவர்களுக்கு வைத்துக்கொள்கிறேன். குறிப்பும் 2 வரிதான்: அவர் எழுதியதில் எது எனக்குப் பிடித்தது, நான் யார். அனுப்பிய அழைப்பை அவசரப்பட்டு மீளப்பெற்றால் அதே ஆளுக்குத் திரும்ப அனுப்ப 3 கிழமை வரை காத்திருக்க வேண்டிவரும், அதையும் பட்டுத்தான் அறிந்தேன்.

பதிவு போடுவது கிழமைக்கு ஒன்று. அதிகம் பேர் பார்த்தது விளம்பரமே இல்லை. கிழங்கு கிண்டும் காலத்தில் ஒடியல் காயப்போட்ட முற்றத்தின் படமும், திடீர் மழையில் ஒரு பகுதி பழுதாகி நாங்கள் அதை எறிந்த கதையும். அதை எழுதுவதா என்று மச்சாள் தயங்கினாள். எழுதினோம். "பழுதானதை எறிகிறவரிடம் வாங்கலாம்" என்று தெரியாத ஒருவர் கீழே எழுதினார். எங்கள் பெட்டிகளை அச்சடிக்கிறவரின் பக்கத்தில் நானே போய் 4 வரி பரிந்துரை எழுதினேன், கேட்காமலே. நேரம் தவறாத ஆள், சொல்லத்தானே வேண்டும்.

இதற்குச் செலவு நேரமும் ஆங்கிலமும். என் ஆங்கிலம் எளியது, ஒரு பதிவுக்கு ஒரு இரவு போய்விடும். காசு கட்டுகிற கணக்கை ஒரு மாதம்தான் பார்த்தேன், அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். என் அனுபவம் உணவுப்பொருளில் 2 வருடம், அவ்வளவுதான். மென்பொருள், கணக்கியல் செய்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். புலம்பெயர் கடைகளுக்கு மட்டும் அனுப்புகிறவர் என்றால் வட்ஸ்அப்பே போதும், லிங்க்ட்இன்னுக்கு மினக்கெட வேண்டாம்.

மாலைதீவு ஓர்டர் தொடங்கியதும் அந்த முகாமையாளரும் நானும் வட்ஸ்அப்புக்கு மாறிவிட்டோம். பொதி எங்கே நிற்கிறது என்று கேட்க அதுதான் சுகம். அவருடைய இலக்கத்தை இந்த முறை அவர் பெயரில் பதிந்து வைத்திருக்கிறேன், ரிசோட்டின் பெயரில் இல்லை.