இன்சாஸா, ஏகே-203-ஆ?

உசிலம்பட்டி டீக்கடையில் பட்டாளத்து மாமாக்கள் கூடினால், நம் ராணுவத்தின் இந்த இரண்டு துப்பாக்கிகளில் எது மேல் என்ற சண்டைதான்.

இன்சாஸ் இங்கேயே வடிவமைத்தது, 5.56 மி.மீ., 20 தோட்டா மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி). 1999 கார்கில் குளிரில் அந்தப் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது. மும்மூன்றாகச் சுட வேண்டியது நிற்காமல் சுட்டது, எண்ணெய் கண்ணில் தெறித்தது என்றும் புகார்கள். "நம்ம ஊர் வெயில்ல விரிஞ்சிருக்காது, மாப்ள" என்பார் ஒரு மாமா. சரி, எல்லை உசிலம்பட்டியிலா இருக்கிறது? பிறகு திருத்தினார்கள், கெட்ட பெயர் போகவில்லை.

ஏகே-203 ரஷ்ய வடிவம், தயாரிப்பு அமேதி பக்கம் கோர்வாவில். 7.62 மி.மீ., 30 தோட்டா. 2021 ஒப்பந்தப்படி ஆறு லட்சத்துக்கும் மேல் துப்பாக்கிகள். தூசி தாங்கும் ஏகே குடும்பம். என் ஓட்டு இதற்கே. ஆனால் நல்ல வடிவமைப்பு மட்டும் போதாது, குழல் எஃகின் பதம் ஒவ்வொன்றிலும் சரியாக அமையணும்.