பியானோ விளையாட்டுப் பெட்டி: ஆறு மாதம் பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்த பிறகு

மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்பது. இருவரும் பியானோ வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, வீட்டில் பயிற்சிக்கு உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் பியானோவையும் இசைக் கோட்பாட்டையும் விளையாட்டாகச் சொல்லித் தரும் இந்தப் பெட்டியை வாங்கினோம். தரையில் விரிக்கிற பெரிய விரிப்பு (இசை எழுதுகிற கோடுகள், மேலே ஐந்து, கீழே ஐந்து), நோட்ஸ் (சுரக் குறிகள்) சீட்டுகள், தாளச் சீட்டுகள், இரண்டு பகடை, கட்டைகள் மேல் வைக்கக் குட்டி ரப்பர் பொம்மைகள், எழுத்து அச்சடித்த ஸ்டிக்கர்கள், முப்பது விளையாட்டுகள் கொண்ட சிறு புத்தகம், இவ்வளவும் உள்ளே இருந்தன. கிட்டத்தட்ட இதே சாமான்களோடு வேறு வேறு பெயர்களில் நிறைய பெட்டிகள் கிடைக்கின்றன, எதை வாங்கினாலும் கீழே சொல்வது உதவும்.

வாங்கலாம். ஆனால் முப்பதில் பத்து விளையாட்டைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப விளையாடினோம். அந்தப் பத்தும் விரல் கட்டையில் பட்டு, ஒலி காதில் விழுந்து முடிகிறவை. சீட்டைத் தூக்கிக் காட்டி "இது என்ன நோட்?" என்று கேட்கிறவை பெயருக்குத்தான் விளையாட்டு, அது பரீட்சை என்று பிள்ளைகளுக்கு இரண்டாவது சீட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

முதலில் ரப்பர் பொம்மைகள். பெட்டியில் மிக எளிய சாமான் இதுதான், மிக நல்லதும் இதுதான். கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் சேர்ந்து நிற்கும், இல்லையா? இரண்டு சேர்ந்த கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை சி என்ற நோட், மூன்று சேர்ந்த கூட்டத்துக்கு இடப்பக்கம் எஃப். கண்ணை மூடித் திறந்து, எல்லா சி மேலும் ஒரு பொம்மையை வைத்து, வைத்த கட்டையை ஒரு தடவை தட்ட வேண்டும், இவ்வளவுதான் விளையாட்டு. எங்கள் வீட்டு 61 கட்டைக் கீபோர்டில் ஆறு சி இருப்பதை மகள் ஒரே நாளில் கண்டுபிடித்தாள். வகுப்பில் இருக்கும் 88 கட்டைப் பியானோவில் எட்டு இருக்கும் என்று நான் சொன்னபோது நம்பவில்லை, அடுத்த வகுப்பில் பொம்மைகளைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள். அங்கே இன்னொன்றையும் கவனித்திருக்கிறாள்: இடது கோடியில் ஒரு கறுப்புக் கட்டை மட்டும் கூட்டு இல்லாமல் தனியாக நிற்கிறது. "அதுக்கு ஃப்ரெண்ட்ஸ் யாரும் இல்லையாம்மா?" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே பேச்சு. இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

இதனால்தான் ஸ்டிக்கர்களை ஒட்டாதீர்கள் என்கிறேன். ஒட்டிய முதல் வாரம் பிரமாதமாக இருக்கும், பிள்ளை கடகடவென்று வாசிக்கும். ஆனால் அது எழுத்தைப் படிக்கிறதே தவிர கட்டைகளின் அமைப்பைப் பார்க்கிறதில்லை. மூன்றாவது வாரம் உரித்தபோது என் மகன் நடு சி (கீபோர்டின் நடுவில் இருக்கும் சி) எங்கே என்று தேடினான்.

கறுப்புக் கட்டைகளில் இன்னொரு விளையாட்டு உண்டு, புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை, அது நியாயமில்லை. பெரியவர் இடப்பக்கம் உட்கார்ந்து ஜி ஃப்ளாட்டையும் (மூன்று சேர்ந்த கூட்டத்தின் முதல் கறுப்பு) டி ஃப்ளாட்டையும் (இரண்டு சேர்ந்த கூட்டத்தின் முதல் கறுப்பு) சேர்த்து மெதுவாக, ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை வலப்பக்கம் கறுப்புக் கட்டைகளில் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஒரு ஆக்டேவில், அதாவது ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை, இருக்கும் அந்த ஐந்து கறுப்புக் கட்டைகளுக்குள் அரைச்சுர இடைவெளி (ஒட்டிய இரு கட்டைகளுக்கு நடுவே உள்ள மிகச் சிறிய இடைவெளி) எங்குமே இல்லை, அதனால் எதை எதோடு சேர்த்தாலும் காதை உறுத்தாது. தப்பு என்ற ஒன்றே இல்லாத பத்து நிமிடம் ஒரு பிள்ளைக்கு என்ன தருகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மழை மாதிரி வாசி, பூனை நடக்கிற மாதிரி வாசி என்று சொன்னால் மெல்ல, ஓங்கி, விட்டுவிட்டு, இழுத்து என்று எல்லாம் தானாக வருகிறது.

அடுத்தது தாளச் சீட்டுகள். ஒரு நோட் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதற்குத் தனித்தனிப் பெயர் உண்டு: கிராட்செட்டுக்கு ஓர் எண்ணிக்கை, மினிமுக்கு இரண்டு, குவேவருக்கு அரை. புத்தகம் ஏதோ ஆங்கிலப் பழப் பெயர்களைச் சொல்லித் தட்டச் சொல்கிறது, எங்களுக்கு அது ஒட்டவே இல்லை. மகன் அப்போதுதான் தமிழில் குறில், நெடில், மாத்திரை படித்துக்கொண்டிருந்தான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை! கணக்கு அப்படியே பொருந்துகிறது. சரி என்று ஆங்கிலச் சொற்களை ஓரம் கட்டிவிட்டு, கிராட்செட்டுக்கு "த", மினிமுக்கு "தா" என்று சொல்லித் தட்டத் தொடங்கினோம், அன்றிலிருந்து மினிமை அவசரமாக வெட்டிவிடும் பழக்கம் இருவருக்குமே போய்விட்டது. "தா"வை "த" என்று குறுக்கினால் வேறு எழுத்தாகிவிடும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். புள்ளி வைத்த நோட் வந்தபோது மகன் நிறுத்தி, "தமிழ்ல புள்ளி வெச்சா குறையுது, இங்க ஏன் கூடுது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. க ஒரு மாத்திரை, க் அரை மாத்திரை, ஆனால் நோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால் அதன் அளவில் பாதி கூடும், இரண்டு எண்ணிக்கை மினிம் மூன்றாகும். அதே புள்ளியை நோட்டின் தலைக்கு மேலேயோ கீழேயோ வைத்தால் அது ஸ்டக்காட்டோ, சட்டென்று விட்டுவிட வேண்டும். தலைமேல் வைத்தால் குறையும், பக்கத்தில் வைத்தால் கூடும் என்று அவனே ஒரு சூத்திரம் செய்து வைத்துக்கொண்டான்.

பகடையில் குறை இருக்கிறது. நோட்ஸ் பெயர்கள் ஏ முதல் ஜி வரை ஏழு, பகடைக்கு முகங்கள் ஆறு. செய்தவர்கள் பி-யை விட்டுவிட்டார்கள், புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாலு நாள் உருட்டிய பிறகு மகள்தான் "பி வரவே மாட்டேங்குது" என்றாள். ஏழு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டோம், அது பகடையைவிட நன்றாகவே இருக்கிறது. தாளப் பகடை பழுதில்லை, அதை உருட்டி நாலு பார் (தாளக் கட்டம்) எழுதி, டப்பாவிலிருந்து சுரம் எடுத்து நிரப்பி, கடைசி நோட் மட்டும் சி-யாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பிள்ளை எழுதிய சொந்தப் பாட்டு ஒன்று கிடைத்துவிடும். பகடை உருட்டி இசை அமைப்பது புதிதில்லை, கிர்ன்பெர்கர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் 1757-லேயே இப்படி ஒன்றை வெளியிட்டிருக்கிறார். அதில் ஒவ்வொரு பாருக்கும் பொருந்தக்கூடிய துண்டுகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் எந்த எண் விழுந்தாலும் இசை குலையாது. நம் பிள்ளைகளின் பாட்டு சில நாள் கரடுமுரடாகத்தான் இருக்கும், பரவாயில்லை, வாசித்துப் பார்த்துவிட்டு எந்த நோட்டை மாற்றலாம் என்று அவர்களையே கேளுங்கள்.

விரிப்பின் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். ஐந்து கோட்டின் தொடக்கத்தில் போடும் அடையாளம் கிளெஃப், மேல் கோடுகளுக்கு ட்ரெபிள், கீழ்க் கோடுகளுக்கு பேஸ். ட்ரெபிள் கிளெஃபின் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றும், அந்தக் கோடு ஜி. பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகள் கீழிருந்து நாலாவது கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும், அது எஃப். கிளெஃப் என்ற அடையாளமே அந்த ஒரு கோட்டைக் காட்டத்தான். இந்த விரிப்பில் புள்ளிகள் மூன்றாவது கோட்டுக்கு இரு பக்கமும் அச்சாகியிருக்கின்றன. குழந்தைக்குச் சொல்லித் தரும் பொருளில் இதைக்கூடவா சரிபார்க்க மாட்டார்கள்? எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. கறுப்பு மார்க்கரால் நானே திருத்திவிட்டேன்.

திருத்திய பிறகு விரிப்பு நன்றாகவே பயன்பட்டது. "கோட்டு மேல நில்லு" என்றால் மகள் முதலில் கோட்டுக்குச் சற்று மேலே, இடைவெளியில் நின்றாள், ஏனென்றால் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுத்து கோட்டின் மேல்தானே உட்காரும். இசையில் கோடு நோட்டின் நடுவே ஊடுருவிப் போகும். காலால் மிதித்த பிறகுதான் அது புரிந்தது. கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் பக்கத்து வெள்ளைக் கட்டை, கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவினால் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையை விட வேண்டும். ஒருத்தர் தாவ, இன்னொருத்தர் கீபோர்டில் அதை வாசிக்க, அப்புறம் இடம் மாற்றிக்கொள்ள. இந்த விளையாட்டைப் புத்தகம் விரிப்போடு முடித்துவிடுகிறது, நீங்கள் கீபோர்டையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விரலால் தட்டுவது என்று சொல்லும் விரல் எண் விளையாட்டுகள் சுமார், ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். நோட்ஸ் சீட்டுகளின் அட்டை மெலிசு, ஓரம் சீக்கிரம் மடங்கிவிட்டது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ரப்பர் பொம்மைகள் சிறியவை, வாயில் போடுகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். ஒன்பது வயது மகனுக்கு இப்போது பொம்மைகள் தேவைப்படுவதில்லை, தங்கைக்குப் போட்டியாக அவனே எழுதும் தாளச் சீட்டுகள்தான் மேசை நிறையக் கிடக்கின்றன, நேற்று எழுதியதில் புள்ளி வைத்த மினிம் இரண்டு, நான் தட்டியது தப்பு என்று இரண்டு தடவை திருப்பித் தட்ட வைத்தான்.