பாட்டியும் பேத்தியும் சேர்ந்து நடக்க ஏற்காட்டில் எந்தப் பாதை?

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்றால் ஏரியில் படகு, சூடாக மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் ஒரு போட்டோ, இருட்டுவதற்குள் இறக்கம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் இதையே செய்து எனக்கு அலுத்துவிட்டது. போன ஐப்பசி, கார்த்திகையில் சில ஞாயிறுகள் நடப்பதற்கென்றே கிளம்பினோம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முட்டிவலி உண்டு. மகளுக்கு ஏழு. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை "இன்னும் எவ்ளோ தூரம்?" என்பாள். இந்த இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் நடக்கும் இடம் எது என்பதுதான் கேள்வி.

வியூ பாயின்ட்களை முதலிலேயே கழித்துவிட்டேன். காரணம் பனி. சேலம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஈரக்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அடிவாரத்தில் நின்று மேகம் என்கிறோம், மேலே போனதும் அதையே பனி என்கிறோம். தெளிந்த நாளில் லேடீஸ் சீட்டிலிருந்து மேட்டூர் அணை வரை தெரியும். பனி இறங்கினால் எதிரே வெள்ளைச் சுவர்தான். அதே பனி மரங்களுக்குள் நுழைந்தால் கதையே வேறு.

முதலில் கிளியூர் அருவிக்குப் போனோம். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிட்டத்தட்ட 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதனால் கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம், மழைக்குப் பின் போனால் அருவி. அழகைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலில் இதற்கு ஈடு கிடையாது. சிக்கல் என்னவென்றால், போகும்போது முழுக்க இறக்கம். தெம்பாக இருக்கும்போது குழந்தை துள்ளிக்கொண்டு இறங்கும். களைத்த பிறகு அத்தனை படியும் ஏற வேண்டும். பாதி தூரத்தில் "அப்பா, தூக்கு" என்று மகள் உட்கார்ந்துவிட்டாள். பாசி பிடித்த படியில் இருபது கிலோவை முதுகில் சுமந்து ஏறியவன் என்ற முறையில் சொல்கிறேன், இது குடும்ப நடை ஆகாது. அம்மா கீழே வரவே இல்லை. மேலே பையோடு உட்கார்ந்திருந்தவரிடமிருந்து தட்டுவடை பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு போனது!

சேர்வராயன் கோயில் அம்மாவின் தேர்வு. மலையின் உச்சி, 1,600 மீட்டருக்கு மேல். கோயில் அருகில் வரை வண்டி போகும். பிறகு சமதளம், புல்வெளி. குனிந்து குகைக்குள் போனால் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். அந்தக் குகை காவிரி ஆறு வரை போகிறது என்பது இங்குள்ள நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக் கிராமங்கள் திரண்டு வரும். முட்டிவலிக்காரர்களுக்கு இது நல்ல இடம். ஆனால் நடை என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, காற்றும் ஆளைத் தள்ளும்.

தாவரவியல் தோட்டம் மழை நாளுக்கு ஒரு மாற்று. ஆர்க்கிட் செடிகள், பூச்சி பிடிக்கும் குடுவைச்செடி, தட்டினால் மணி போல ஒலிக்கும் பாறை. மகள் அந்தப் பாறையை விட்டு நகரவில்லை. ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

அப்புறம் காபி எஸ்டேட் நடை. இதில் ஒருமுறை ஏமாந்தோம். தங்கிய இடத்தில் "கைடோடு காட்டு நடை" என்று தலைக்கு இவ்வளவு என வாங்கிக்கொண்டு, பூச்செடிகளைச் சுற்றி ஒரு ரவுண்டு காட்டி அனுப்பினார்கள். அடுத்த முறை டீக்கடையில் விசாரித்து, முதலாளியிடம் அனுமதி வாங்கி, தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணனோடு போனோம். மொத்தம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆனது. ஜீப் போகும் மண்பாதை, பெரிய ஏற்றம் எதுவும் இல்லை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. அவர் பெயரை யாரும் சொல்லாமலே நடந்தாலும் காபிச்செடி தோளுக்கு நிகராகக் கூடவே வந்தது. மேலே சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக்கொடி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. மழை இல்லை, ஆனாலும் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பனி இலையில் படிந்து, நுனியில் திரண்டு விழுகிறது. மகள் கையை நீட்டி அந்தச் சொட்டுகளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். தூரம் கேட்கவே இல்லை.

அண்ணன் சிவந்த பழம் ஒன்றைப் பறித்து, "கடிச்சுப் பாரு பாப்பா, கொட்டைய முழுங்கிராத" என்றார். மெல்லிய இனிப்பு. வழுவழுவென்று இரண்டு கொட்டைகள் வெளியே வந்தன. அடுத்த பழத்தில் ஒன்றே ஒன்று, உருண்டையாக. "இதுதான் பீபரி. கடைல தனியா வெல சொல்லுவாங்க இல்ல, அது." நாற்பது வருடமாக பீபரி வாங்கும் அம்மா அன்றைக்குத்தான் அதைப் பழத்துக்குள் பார்த்தார்.

ஒரு வளைவில் ஈரம் காயாத சாணம் கிடந்தது. "மாடு மேயுதா?" என்றார் அம்மா. "காட்டெருமைங்கம்மா. நாம இப்படியே திரும்பிரலாம், மெதுவா வாங்க, வழுக்கும்" என்று வேறு பாதையில் கூட்டிப் போனார். நானாகப் போயிருந்தால் சாணத்தைத் தாண்டி நேராகத்தான் நடந்திருப்பேன். கைடுக்குக் கொடுக்கும் காசு அந்த இடத்திலேயே சரியாகப் போயிற்று.

எங்கள் வீட்டுக்கு எஸ்டேட்தான் முதலிடம், அதுவும் பழம் பழுத்திருக்கும் கார்த்திகை, மார்கழியில். காலையில் போவது நல்லது. பிடிப்புள்ள செருப்பும் முழுக்கை சட்டையும் போதும். நேரம் மிஞ்சினால் சேர்வராயன் கோயில். கிளியூருக்கு நானும் மனைவியும் மட்டும், மழை விட்ட மறுநாள் ஒருமுறை போய் வருவதாக இருக்கிறோம். பாட்டியும் பேத்தியும் அதுவரை மணிப்பாறையைத் தட்டிக்கொண்டிருக்கட்டும். தட்டுவடை இந்த முறை எங்களோடு வரும்.