மேக்பை மர்டர்ஸ்: நாவலில் தொடங்குவதா, தொடரில் தொடங்குவதா?

ஆங்கில எழுத்தாளர் ஆண்டனி ஹோரோவிட்ஸின் துப்பறியும் கதையான ‘மேக்பை மர்டர்ஸ்’ 2016இல் நாவலாகவும், 2022இல் ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்தது. நான் நாவலைப் படித்த பிறகே தொடரைப் பார்த்தேன் என்பதால், தராசு முன்பே ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

திரைக்காரர்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்ற வழக்கமான புலம்பலுக்கு இங்கே இடமில்லை, ஏனெனில் தொடரின் திரைக்கதையும் ஹோரோவிட்ஸுடையதுதான். அகதா கிறிஸ்டியின் புவாரோ கதைகள் பலவற்றை பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சிக்காகத் திரைக்கதையாக்கியவர். கரோலின் கிரகாமின் நாவலிலிருந்து, 1997இல் ‘மிட்சோமர் மர்டர்ஸ்’ தொடரின் முதல் கதையை எழுதியவர். போர்க்கால ஹேஸ்டிங்ஸ் நகரில் நடக்கும் ‘ஃபாயில்ஸ் வார்’ தொடரை 2002இல் உருவாக்கியவர். பிறர் கதையை வெட்டிப் பழகிய கை, தன் கதை என்று வரும்போதும் தயங்கவில்லை.

நாயகியாக வரும் லெஸ்லி மேன்வில்லின் நடிப்பும், 1955ஆம் ஆண்டுக் கிராமத்தைக் கண்முன் நிறுத்தும் படப்பிடிப்பும் தொடருக்குச் சாதகமானவை. இதில் விவாதத்துக்கு எதுவும் இல்லை.

என் தேர்வை முடிவு செய்தது கதையின் அடுக்குதான். சூசன் ரைலண்ட் என்ற பதிப்பாசிரியர், ஆலன் கான்வே என்ற எழுத்தாளரின் புதிய துப்பறியும் நாவலைக் கையெழுத்துப் பிரதியில் படிக்கிறார். சில பக்கங்களிலேயே சூசன் ஒதுங்கிக்கொள்ள, அந்த உள்நாவலே நம் கைக்கு வந்துவிடுகிறது. அதற்கெனத் தனித் தலைப்புப் பக்கம், ஆசிரியர் குறிப்பு, பாராட்டுரைகள் எல்லாம் உண்டு. பக்க எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியதைக் கண்டு, அச்சுத் தாள்களை வரிசை மாற்றிக் கட்டிவிட்டார்களோ என்று நான் புத்தகத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கவே நினைத்தேன். பிறகு அட்டிகஸ் பூண்ட் என்ற துப்பறிவாளரின் பின்னால் இருநூறு பக்கங்களுக்கு மேல் நடந்து, கொலையாளி யார் என்பது விளங்க வேண்டிய இடத்தில், அந்த அத்தியாயமே இல்லாமல் பிரதி முடிந்துவிடுகிறது. சூசனுக்கு வரும் எரிச்சல் அப்படியே நமக்கும் வருகிறது, ஏனென்றால் அவர் இழந்ததையே நாமும் இழந்திருக்கிறோம்.

தொடரிலோ இரண்டு கதைகளும் முதல் பகுதியிலிருந்தே பின்னிப் பின்னி வருகின்றன. வாரம் ஒரு பகுதி என்று பார்க்கிறவரிடம், நாயகியை மூன்று வாரம் மறந்திருங்கள் என்று கேட்க முடியாது என்பதால், இதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. கான்வே தனக்குத் தெரிந்த மனிதர்களைப் பெயர் மாற்றிக் கதைக்குள் வைத்திருக்கிறார் என்பது, நாவலின் பின்பாதியில் சூசனோடு சேர்ந்து நாமும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் செய்தி. லாக் என்ற காவல் அதிகாரி உள்நாவலில் சப் ஆகியிருக்கிறார். லாக் என்றால் பூட்டு, சப் என்பது இங்கிலாந்தின் பழம்பெரும் பூட்டு நிறுவனம். புத்தகத்தில் இது புரிந்த கணத்தில் முன்பக்கங்களுக்கு ஓடிப்போய், இன்னும் யார் யார் இப்படி ஒளிந்திருக்கிறார்கள் என்று தேட முடிகிறது. தொடரில் இரு வேடங்களிலும் டேனியல் மேஸே நடிப்பதால், புதிர் முகத்திலேயே அவிழ்ந்துவிடுகிறது. முன்பின்னாக ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்கலாம். அப்படிப் பார்த்தாலும், பெயரெழுத்துகளில் ஒளித்து வைத்ததைக் காதால் பிடிப்பது கடினம்.

தொடர் நாவலை வெல்லும் இடம் ஒன்று உண்டு. டிம் மெக்முல்லனின் பூண்ட், சூசனின் உலகத்துக்குள்ளேயே வந்து நின்று அவரோடு பேசும் காட்சிகள் நாவலில் இல்லாதவை; ஒரு வாசகருக்கும் அவர் படிக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான உறவை இவ்வளவு இயல்பாகக் காட்டியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. மேலும், உள்நாவலின் பழங்காலத்து நடை சிலருக்கு மெதுவாகத் தோன்றும். அவர்கள் தொடரில் தொடங்குவதே நல்லது. முடிவு தெரியாமல் தொடரைப் பார்ப்பவருக்கு அதன் விறுவிறுப்பு எப்படியிருக்கும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்த வாய்ப்பை நான் முன்பே செலவழித்துவிட்டேன்.

தொடர் முடிந்த இரவு, என் பிரதியின் பின்னட்டையில் பென்சிலால் எழுதியிருந்த பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சப் என்ற பெயருக்கு எதிரே ‘முக்கியமில்லை’ என்று எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தேன்.